கத்தாமல் ஒரு சீசன்

ஃபுட்பாலில் ஸ்டாப்பராக ஆடுகிறவனுக்குக் காலுக்கு முன்னால் தொண்டை தேய்ந்துபோகும். ஃபார்வர்டுக்கு எதிரே இருக்கிற கோல் போஸ்ட் தெரிந்தால் போதும், ராசா மாதிரி நிற்கலாம். நம் கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டாப்பருக்குத்தான் மைதானம் பூராவும் கண்ணில் படும். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "பின்னால ஆளு வாரான், ஏறு, இறங்கு, அவனைப் பிடி" என்று ஆட்டம் முடிகிறவரை கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆடி ஓய்ந்து கோச் ஆனவனுக்கு ஓடுகிற வேலையும் போய்விடும். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது ஒன்றுதான் மிச்சம்.

இதைப் படிக்கிற உங்களில் பள்ளிக்கூட வாத்தியார், வண்டியில் காய்கறி விற்கிறவர், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர், ரெண்டு பிள்ளை பெற்றவர் யாராவது இருந்தால் நீங்களும் என் கட்சிதான். ராத்திரி படுக்கப் போகுமுன் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிற கூட்டம் நாம். என் பெயர் சவரிமுத்து. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் டைம் ஆபீஸில் ஆள் வருகை குறிக்கிற உத்தியோகம். முட்டி போகிறவரை ஸ்டாப்பர், போன பிறகு எங்கள் கிளப்புக்குக் கோச். டீமில் ஆடுகிறவர்கள் எல்லாருமே அங்கங்கே மில்களில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். 'சவரி டீமுக்கு எதிரா கோல் போடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல' என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

விடுவும் வீடும்

கத்துவதில் எம்புட்டு ஆபத்து இருக்கிறது என்பது நான் ஆடுகிற காலத்திலேயே தெரிந்துபோனது. அப்போது எங்கள் கீப்பர் சீனி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எங்கள் ஊரில் அது சாதாரணம், தெருவில் தமிழும் அடுப்படியில் தெலுங்குமாகப் பல குடும்பங்கள் உண்டு. சீனி நிதானமாக இருந்தால் தமிழில் கத்துவான். பதறிவிட்டால் தெலுங்குக்குப் போய்விடுவான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டீமோடு ஒரு ஃபைனல், அவர்கள் ஊர் மைதானத்தில். பந்து எங்கள் கோலுக்கு முன்னால் உருண்டு வருகிறது. நான் அதை வெளியே அடிக்கக் காலைத் தூக்கிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் ஃபார்வர்டு ஒருவன் ஓடி வருவது சீனிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. சீனி "வீடு, வீடு" என்று அலறினான். தெலுங்கில் 'வீடு' என்றால் 'இவன்'. இவனைக் கவனி என்கிறான். என் காதில் அது 'விடு, விடு' என்று விழுந்தது. கீப்பர் விடு என்றால் ஸ்டாப்பர் விட்டுவிட வேண்டும், பந்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். நான் மரியாதையாகக் காலை இறக்கி ஒதுங்கினேன். வந்தவன் செருப்பைக் காலால் தள்ளி ஓரமாக வைக்கிற மாதிரி பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டான்.

அங்கேயே எனக்கும் சீனிக்கும் சண்டை. விடுன்னு ஏன் சொன்ன என்று நான், எங்கல சொன்னேன், வீடுன்னுல்லா சொன்னேன் என்று அவன். ஆட்டத்துக்கு நடுவில் வீட்டுப் பேச்சை எதற்கு இழுக்கிறான் என்று எனக்கு இன்னும் எரிச்சல். வலைக்குள் கிடந்த பந்தை எடுக்க வந்தான் கோல் போட்ட அந்த ஃபார்வர்டு. எங்களைச் செத்த நேரம் பார்த்துவிட்டு ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கண்ணே. நான் அதுக்குள்ள இன்னொண்ணு போட்டுட்டு வாரேன்."

காப்புக் காய்ச்ச தொண்டை

கோச் ஆன பிறகு கத்தல் இன்னும் கூடிப்போனது. போன வருஷம் சீசன் தொடங்குகிற நேரத்தில் குரல் கரகரவென்று ஆனது, பிறகு உடைந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தொண்டையில் என்னமோ ஏதோ என்று மனசு எங்கெங்கேயோ போகுமே, அப்படிப் போனது. என் மனைவி பாக்கியம் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாகக் குழாயை விட்டு டிவியில் காட்டினார். பயப்படுகிற சமாச்சாரம் இல்லை, மம்பட்டி பிடிக்கிற கையில் காப்புக் காய்ப்பது போலக் குரல் நாணில் ரெண்டு பக்கமும் காய்த்திருக்கிறது என்றார். பாக்கியம் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் சீசன் முடிகிறவரை கத்தக்கூடாது, சாதாரணமாகவும் பேசக்கூடாது, குசுகுசுவென்று பேசுவது அதைவிட மோசம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீறினால் ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் எப்படி வரும் என்று அவரால் சொல்ல முடியாதாம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கடைசியில்தான் கேட்டார். ஃபுட்பால் கோச் என்று பாக்கியம் சொன்னாள்.

"அப்படியா? நான் ஏலம் விடுறவர்னுல்ல நெனச்சேன்."

மதுரைக்காரர்

இந்த இடத்தில் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் நாங்கள் மாவட்ட லீக்கில் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தோம். ஏறியவர்கள் இறங்காமல் இருக்க வேண்டும். எங்கள் கிளப் செயலாளர் சேர்மக்கனி அண்ணாச்சி, பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருப்பவர், நல்ல மனுஷன். அவருக்கு மதுரையில் ஒரு கோச் பழக்கம். டீம் இறங்கிவிட்டால் அடுத்த வருஷம் அவரை வரச் சொல்லிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருந்தது.

எனக்குக் கிளப்பில் சம்பளம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. டைம் ஆபீஸில் நான் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். மைதானத்தில் கால் வைத்தால்தான் நான் சவரி. அதையும் எடுத்துவிட்டால் சாயங்காலம் நான் எங்கே போவது என்று நினைத்து நிஜமாகவே கண் கலங்கியிருக்கிறேன். டாக்டர் சொன்னதை அண்ணாச்சியிடம் பாக்கியம்தான் போய்ச் சொன்னாள். நான் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி ரொம்ப வருத்தப்பட்டார். காப்பி கொடுத்தார். வாசல்வரை வந்து என் தோளில் கை போட்டார்.

"மதுரைக்காரரு போன்லயே அம்புட்டுப் பேசுதாரு, சவரி. நீ நேர்ல வந்தும் பேச மாட்டேங்கியேப்பா."

வீட்டில் அமைதி

நான் பேசாமல் இருந்ததில் முதலில் குழம்பியது எங்கள் தெரு. சவரிக்கும் பாக்கியத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்போடு சமாதானம் பேச வந்துவிட்டார். குடும்பம் என்றால் முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும், நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போகணும் தம்பி என்று எனக்கு நெடுநேரம் புத்தி சொன்னார். பதில் சொல்ல முடியாமல் நான் கைகூப்ப, அவர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிட்டார். பாக்கியம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை வாங்கி வைத்தாள்.

பிறகு விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்பினாள். அந்த அக்கா பதறிப்போய், புருஷன் பேசாம இருக்கறது வீட்டுக்கு எம்புட்டு கஷ்டம் என்று கேட்டதற்கு என் மனைவி கொடுத்த பதில்:

"கஷ்டமா? கல்யாணம் ஆனதுல இருந்து இப்பத்தாங்க்கா நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிக்கேன்."

ஒரு வண்டிக்கு ஒரு கண்டக்டர்

என் குரலுக்குப் பதிலாக ஒரு குரல் வேண்டும். பாக்கியத்தின் அண்ணன் ஆரோக்கியம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்சீட்டில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை எடுப்பான், அப்படிப்பட்ட சாரீரம். நான் செல்போனில் டைப் அடித்துக் காட்டுவது, மச்சான் கத்துவது என்று ஏற்பாடு.

செட்டியார்பட்டி டீமோடு ஆட்டம். 'எல்லாரும் ஏறுங்க' என்று அடித்துக் காட்டினேன். அதாவது பின்னால் நிற்கிறவர்கள் முன்னேறி வரட்டும் என்று. மச்சான் கத்தினார். ஒருத்தனும் அசையவில்லை. இன்னும் பலமாக, படியில நிக்காத, முன்னால ஏறு, முன்னால எம்புட்டு இடம் கெடக்கு என்று அவர் பாணியில் கத்தினார். அப்போதும் அசையவில்லை. மச்சானுக்குத் தொழில் கௌரவம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைப் பையில் பழைய ஞாபகத்துக்கு வைத்திருந்த விசிலை எடுத்து ரெண்டு ஊது ஊதிவிட்டார். கண்டக்டர் ரெண்டு விசில் அடித்தால் வண்டி கிளம்ப வேண்டும் அல்லவா? எங்கள் டீம் நின்றுவிட்டது. ரெஃபரி ஊதியதாக நினைத்து அத்தனை பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ஊதியது யார் என்று நேரே பார்த்துக்கொண்டிருந்த செட்டியார்பட்டிக்காரர்கள் நிற்காமல் போய்க் கோல் போட்டார்கள்.

தோற்றோம். ரெஃபரி என்னிடம் நடந்து வந்தார். எங்கள் ரெண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வண்டிக்கு ஒரு கண்டக்டர் போதும் சார். அது நான்."

தலையைத் தட்டினால்

சரி, சத்தமே வேண்டாம், சைகையில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பாக்கியத்தை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். கையை மேலே தூக்கினால் ஏறு, தரையைக் காட்டினால் இறங்கு, தலையை ரெண்டு தட்டுத் தட்டினால் உயரப் பந்து வருகிறது, ஹெட் பண்ணத் தயாராக இரு. பசங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தால் புரியும் என்று விட்டுவிட்டேன். பேச முடியாதவன் எப்படிச் சொல்வது என்ற சோம்பலும் இருந்தது.

அடுத்த ஆட்டத்தைப் பார்க்க அண்ணாச்சி வந்திருந்தார். எதிர் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நான் தலையை ரெண்டு தட்டினேன். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் சட்டையை உள்ளே விட்டு, கையைத் தொங்கப்போட்டு, மொத்தப் பேரும் மைதானத்தின் கேட் பக்கம் திரும்பினார்கள். கீப்பரும் திரும்பினான். பந்து அவர்கள் பிடரிக்கு மேலே பறந்து போய் எதிராளி நெற்றியில் பட்டுக் கோலுக்குள் விழுந்தது.

ஆட்டம் முடிந்து எங்கள் ஸ்டாப்பர் காளிராஜ் வந்தான். ஒரு மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷினில் வேலை பார்க்கிறவன், என்னிடம் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற ஒரே ஆள். நான் தலையைத் தட்டிக் காட்டி, கையை விரித்து, ஏன் என்று கேட்டேன். அவன் சிரிக்கவே இல்லை.

"அண்ணே, மில்லுல தலையைத் தட்டுனா மேனேஜர் வாராருன்னு அர்த்தம். ரெண்டு தட்டு தட்டுனீகளா, ரெண்டு மேனேஜர் வாராகளோன்னு பாத்துட்டோம்."

மீசை

அன்றைக்குக் காளிராஜ்தான் வழி சொன்னான். ரிங் ஃப்ரேம் ஓடுகிற இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே ஒருத்தரும் கத்துவதில்லை, வாயை மட்டும் அசைப்பார்கள். எட்ட நிற்கிறவன் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வான். வீட்டுக்கதை, சினிமாக்கதை, மேஸ்திரியைப் பற்றிய வசவு எல்லாம் அப்படித்தான் போய்வரும். டைம் ஆபீஸில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காதவனுக்கு இது எப்படித் தெரியும்? சத்தம் போடாம வாயை மட்டும் அசைங்கண்ணே, கிட்ட இருக்கறவன் படிச்சு அடுத்தவனுக்குச் சொல்லிருவான் என்றான்.

அசைத்தேன். காளிராஜ் தலையைச் சாய்த்துப் பார்த்தான், குனிந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். மீசை மறைக்கிறதாம். என் மீசையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முதல் மேட்ச் ஆடியதிலிருந்து வளர்த்தது, மேல் உதட்டைப் பூராவும் மூடித் தொங்கும். எதிர் டீம் ஃபார்வர்டுகள் பாதிப் பேர் அதைப் பார்த்தே பந்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சேர்மக்கனி அண்ணாச்சி போனில் மதுரைக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று நேரே சலூனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்த பாக்கியம், பால்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வாயும் போச்சு, மீசையும் போச்சு. இனி இது எங்க வீட்டுக்காரருன்னு நான் எதை வச்சுச் சொல்ல?"

ஸ்ரீவில்லிபுத்தூரில்

உதட்டுப் பேச்சு பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. 'மாறு' என்பதும் 'பாரு' என்பதும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாறச் சொன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வார்த்தைகளை மாற்றினோம், தப்பு குறைந்தது. ரெண்டு ஆட்டம் ஜெயித்தோம், ஒன்றை விட்டோம். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் டீமோடு ஒரு ஆட்டம்தான் பாக்கி. ஜெயித்தால் முதல் டிவிஷனில் நிற்போம். டிரா ஆனாலும் இறங்க வேண்டியதுதான். இறங்கினால் மதுரைக்காரர்.

அவர்கள் கோச் எங்களுக்கு எதிர்க்கோட்டில் நின்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் பொறாமையாகவும் இருந்தது. ஆட்டம் கோல் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். வழக்கமாக எங்கள் டீம் கார்னருக்கு ரெண்டு பேரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் பத்திரமாகப் பின்னால் நின்றுகொள்வார்கள். நான், எல்லாரும் ஏறு, காளிராஜையும் போகச் சொல் என்று வாயை அசைத்தேன். கோட்டோரம் நின்ற பையன் படித்தான். அவன் வாய் அசைந்தது, அடுத்தவன் வாய் அசைந்தது, சத்தமே இல்லாமல் டீம் மொத்தமும் ஏறியது. எதிர்க்கோட்டில் கத்திக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. காளிராஜ் எல்லாருக்கும் மேலே எழும்பி முட்டினான். கோல்.

மிச்ச நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கடைசியில் பந்து காளிராஜ் காலில் இருக்கிறது, பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து வருகிறான். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பி என் தொண்டைவரை வந்துவிட்டது. என் கழுத்தை நானே பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் அசைந்தது, பின்னால ஆளு. கோட்டோரப் பையன் படித்துக் கையைக் காட்ட, காளிராஜ் திரும்பிப் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தான். ரெஃபரி விசில் ஊதினார். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன், அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த சேர்மக்கனி அண்ணாச்சி குனிந்து என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். மதுரைக்காரருக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன் என்றார். ஜெயித்த கோச்சிடம் ஒரு செயலாளர் அதைவிட அழகாக எப்படிச் சொல்ல முடியும்?

ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடையில் காளிராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷம் நான் கத்திச் சொன்னதை எல்லாம் இந்த வருஷம் கத்தாமலே செய்துவிட்டீர்களே என்று அவனிடம் வாயசைத்துப் பாராட்டினேன். அவன் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான். சொல்லவா வேண்டாமா என்று ஒரு தயக்கம். சொல்லுல என்று வாயசைத்தேன்.

"இம்புட்டு வருசமா நீங்க என்ன கத்துனீகன்னு எங்க ஒருத்தனுக்கும் தெரியாதுண்ணே. மில்லுக் காதுக்கு இரைச்சல் கேக்கும், வார்த்தை கேக்காது. மீசையில வாயும் தெரியாது. நீங்க மொகம் செவந்து குதிச்சா என்னமோ ஆபத்துன்னு எல்லாரும் கோலுக்கு ஓடி வந்து நின்னுக்கிடுவோம். நீங்க சொன்னதைக் கேட்டு நாங்க ஆடுனது இந்த சீசன்தாண்ணே."

இப்போது தொண்டை ஆறிவிட்டது, தாராளமாகப் பேசலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார், ஆனாலும் ஒரு சொல்கூட யார் காதிலும் விழாமலே வட்டாரத்தில் நல்ல கோச் என்று பெயர் வாங்கிய ஆள் என்ற முறையில், வாரம் ரெண்டு தரம் சலூனுக்குப் போய் மேல் உதட்டை மட்டும் மழித்துக்கொண்டு வருகிறேன்.